எண்பதுக்குக் கீழே

லண்டன் ஃப்ளாட் விற்பனை விளம்பரங்களில் படுக்கையறை, பால்கனி, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை எல்லாம் மேலேயே இருக்கும். "லீஸ்: 71 ஆண்டுகள்" என்பது அடியில், பொடி எழுத்தில். அடுத்த தெருவைவிட இங்கே ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்விக்கு விடை அந்தப் பொடி எழுத்தில்தான் கிடக்கிறது. இந்த விளம்பரங்களைக் கீழிருந்து மேலே வாசிப்பது நல்லது.

*

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்கியவர் அநேகமாகக் குத்தகைதாரர்தான். நிலமும் கட்டடமும் ஒருவருக்கு. அதற்குள் ஒரு பகுதியில் 99 ஆண்டோ, 125 ஆண்டோ, 999 ஆண்டோ இருந்துகொள்ளும் உரிமை இன்னொருவருக்கு. அந்த உரிமைக்குத்தான் 3 லட்சம், 4 லட்சம் பவுண்டு விலை. அதற்குத்தான் 25 வருட மார்ட்கேஜ். போதாததற்கு வருடாவருடம் கிரவுண்ட் ரென்ட் வேறு. கோயில் சொத்துகளில் அடிமனை வாடகை என்கிறோமே, அதுதான்.

மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ கோயில் மனையில் குடியிருப்பவருக்கு இதில் பாதி பழகிய விஷயம். மனை சாமிக்கு, மேலே நிற்கிற வீடு கட்டியவருக்கு. இங்கே அந்தப் பாதியும் கிடையாது. காலம் முடிந்தால் சுவர், கூரை, நாம் ஆசையாகப் போட்ட சமையலறை எல்லாம் நிலத்தோடு போகும்.

இன்னொன்று. சென்னையில் 1921-லேயே நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பிறர் மனையில் வீடு கட்டியவர், அந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்க அதன் 9-ஆம் பிரிவு வழிவிட்டது. (கோயில் மனைகளை 1996 திருத்தம் அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. அது தனிக் கதை.) வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில் கிடைத்த உரிமை வெள்ளைக்காரனின் ஊரில் கிடைக்க 1967 ஆயிற்று.

*

லீஸ் முடிந்த மறுநாள் தெருவில் நிற்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அங்கேயே குடியிருப்பவருக்குச் சந்தை வாடகை கொடுத்து வாடகைக்காரராகத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. தன் வீட்டுக்கே வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கலாம்.

ஆனால் அந்த நாள் வரை யாரும் காத்திருப்பதில்லை. சிக்கல் அதற்கு எழுபது எண்பது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. லீஸ் 80-ஐ நெருங்கும்போதே வங்கிகள் முகம் சுளிக்கும். 70-க்குக் கீழே போனால் பல வங்கிகள் கடனே தருவதில்லை. வாங்குகிறவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் விற்கிறவருக்குக் கையில் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாடிக்கையாளர். அவர் என்ன விலை கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

1677-இல் தாமஸ் குரோவ்னர் என்ற சீமான், மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணந்தார். சீதனமாக வந்தது லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 500 ஏக்கர்: சதுப்பும் மேய்ச்சல் நிலமும். இன்று அதன் பெயர்கள் மேஃபேர், பெல்கிரேவியா, பிம்லிகோ. பிம்லிகோவை 1953-இல் விற்றுவிட்டார்கள். மற்றதில் பெரும்பகுதி இன்னும் அந்தக் குடும்பத்திடம்தான். வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் என்பது அவர்களுடைய பட்டம்.

சூத்திரம் எளிமையானது. நிலத்தை விற்காதே, வருடங்களை விற்றுக்கொண்டிரு. 99 வருடத்துக்குக் கொடு. வாங்கியவன் தன் காசில் கட்டட்டும். காலம் முடிந்ததும் கட்டடத்தோடு உன் பேரனிடம் திரும்பி வரும். பேரன் அடுத்த 99-ஐ விற்பான். ஒரு குடும்பம் முந்நூறு வருடம் பொறுமையாக இருக்க முடியுமானால் இதைவிட நல்ல தொழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

இந்தச் சூத்திரத்தை முதலில் உலுக்கியவர்கள் மேஃபேர்க்காரர்கள் இல்லை, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள். நிலக்கரி கொழித்த 19-ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கு நிலங்களை 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. 1950-களிலும் 60-களிலும் அந்தத் தொண்ணூற்றொன்பதுகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. தாத்தா கட்டிய வீட்டில் இருந்த பேரனுக்குக் கடிதம் வந்தது: வீட்டை ஒப்படை, அதற்கு முன் பழுது பார்த்துக் கொடு.

கார்டிஃபில் புயூட் குடும்பம் தன் குத்தகை மனைகளை 1938-லேயே ஒரு கம்பெனிக்கு விற்றிருந்தது. ஜமீன்தாரிடம் போய்க் கெஞ்சலாம், கம்பெனியிடம் கெஞ்ச முகவரி கிடையாது. இந்தக் கோபம்தான் லேபர் கட்சியின் வேல்ஸ் அரசியலுக்குள் புகுந்து 1967 சட்டமாக வெளியே வந்தது. நீண்ட குத்தகையில் தனி வீட்டில் இருப்பவர் நிலத்தை விலைக்குக் கேட்கலாம், அல்லது லீஸை 50 ஆண்டு நீட்டிக்கலாம். ஃப்ளாட்காரர்களுக்கு இல்லை. அவர்கள் இன்னும் 26 வருடம் காத்திருந்தார்கள்.

டியூக்கின் அறங்காவலர்கள் சும்மா இருக்கவில்லை. பெல்கிரேவியாவில் ஏறத்தாழ 80 வீடுகள் இந்தச் சட்டத்தால் கைவிட்டுப் போயின. சொத்துரிமை பறிபோகிறது என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1986-இல் தோற்றார்கள். பெல்கிரேவியாவில் வீடு வைத்திருந்தவர்கள் ஒன்றும் ஏழைகள் அல்லர். நீதிமன்றம் அதையும் கேட்டுக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னது: சமூக அநீதி என்று நாடாளுமன்றம் கருதுவதைத் திருத்த அதற்கு அதிகாரம் உண்டு.

1993-இல் கன்சர்வேட்டிவ் அரசே ஃப்ளாட்டுகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. டியூக் கட்சியை விட்டே விலகினார்.

*

1993 சட்டம் ஃப்ளாட்காரருக்குத் தந்தது இதுதான்: மீதமிருக்கும் ஆண்டுகளோடு இன்னொரு 90 சேரும், அடிமனை வாடகை ஒரு மிளகளவுக்கு இறங்கும், அதாவது பூஜ்யம். நிலச் சொந்தக்காரர் மறுக்க முடியாது. விலையைப் பற்றித்தான் தகராறு செய்யலாம்.

*

அந்த விலைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவகாரம் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஃப்ளாட். நீண்ட லீஸோடு அதன் மதிப்பு ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு. அடிமனை வாடகை வருடம் 100 பவுண்டு, ஏறாதது. மீதி 72 ஆண்டு. நீட்டித்துக் கொடுப்பதால் நிலச் சொந்தக்காரர் இழப்பது என்ன?

முதலாவது, 72 வருட வாடகை வரவு. இன்றைய தேதிக்குச் சுருக்கினால் சுமார் 1,400 பவுண்டு. இரண்டாவது, 72 வருடம் கழித்து அவர் கைக்கு வரவேண்டிய ஃப்ளாட். 3 லட்சம் பவுண்டுச் சொத்து 72 வருடம் கழித்து வரும் என்றால் இன்று அதற்கு என்ன விலை? வருடத்துக்கு 5 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 9,000 பவுண்டு. அவ்வளவுதான். பேரனுக்கு வரப்போகும் அரண்மனைக்கு இன்று ஒரு பழைய காரின் விலை.

அந்த 5 சதவீதம் வானத்திலிருந்து விழவில்லை. 2006-இல் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலத் தீர்ப்பாயம் உட்கார்ந்து கட்டிய எண் அது. ஆபத்தில்லா முதலீட்டின் வருமானம் 2.25, அதில் வீட்டு விலை உண்மையில் உயரும் வேகம் 2 கழித்து, ஆபத்துக்கு 4.5 கூட்டி, ஃப்ளாட் என்றால் நிர்வாகத் தொல்லைக்கு இன்னொரு கால். ஆக 5. வட்டி விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் இருபது வருடமாக லட்சக்கணக்கான வீடுகளின் கணக்கு அநேகமாக அந்த ஒற்றை எண்ணில்தான் ஓடுகிறது.

மூன்றாவது கொக்கிதான் பெரியது: மேரேஜ் வேல்யூ. 72 ஆண்டு லீஸும் நிலச் சொந்தக்காரரின் உரிமையும் தனித்தனியாக விற்றால் கிடைக்கும் தொகையைவிட, இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால் மதிப்பு அதிகம். நீட்டித்தால் உண்டாகும் அந்த உபரியில் பாதி நிலச் சொந்தக்காரருக்கு என்கிறது சட்டம். 80 ஆண்டுக்கு மேல் மீதமிருந்தால் இந்தப் பங்கு பூஜ்யம். 80 ஆண்டோ அதற்குக் கீழோ என்றால் சரிபாதி. 2002 திருத்தம் போட்ட கோடு அது.

என் உதாரண ஃப்ளாட்டை வைத்தே போட்டுப் பார்த்தேன். (லீஸ் குறையக் குறையச் சந்தை மதிப்பு எவ்வளவு சரியும் என்பதற்கு 79 ஆண்டில் 93 சதவீதம், 72-இல் 90, 60-இல் 82 என்று நானாக வைத்துக்கொண்டேன். சர்வேயர்கள் சண்டை போடுவார்கள்.) 81 ஆண்டு மீதியிருந்தால் நீட்டிப்பு விலை சுமார் 7,100 பவுண்டு. 79 என்றால் 12,800. 72-இல் 18,600. 60-இல் 34,000.

81-க்கும் 79-க்கும் நடுவே ஃப்ளாட்டில் ஒரு செங்கல்லும் நகரவில்லை.

*

நானாக வைத்துக்கொண்ட அந்த 93, 90, 82 சதவீதங்களுக்கு ரிலேட்டிவிட்டி என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை. குறைந்த லீஸ் ஃப்ளாட்டை வாங்குகிறவர் எப்படியும் சட்டப்படி நீட்டித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் விலை கொடுக்கிறார். ஆனால் கணக்குப் போடும்போது அந்த உரிமையே இல்லாத உலகில் என்ன விலை போகும் என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். எந்தச் சட்டத்தின் பேரில் வந்து நிற்கிறோமோ அது பிறக்கவே இல்லை என்று கற்பனை செய்ய வேண்டும். அப்படி ஓர் உலகின் விற்பனை விவரங்கள் யாரிடமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, ஒவ்வொரு வரைபடமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

2016-இல் மண்டி வழக்கில் குத்தகைதாரர்கள், சட்டம் வருவதற்கு முந்தைய விற்பனைகளை வைத்துக் கட்டிய ஒரு கணித மாதிரியைக் கொண்டுபோனார்கள். அதன்படி விலை கணிசமாகக் குறைந்திருக்கும். மேல் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது.

*

ஈஸ்ட் ஹாமில் தெரிந்த ஒரு அண்ணர். யாழ்ப்பாணத்துக்காரர். பழைய கவுன்சில் ஃப்ளாட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி இருக்கிறார். கடையில் பேச்சு இந்தப் பக்கம் வந்தது.

"என்ரை லீஸிலை இன்னும் எண்பத்திரண்டு வருசம் கிடக்குது தம்பி. எனக்கு அது காணும். பேந்தென்ன அவசரம்?"

"எண்பத்திரண்டுங்கறதாலதான் அவசரம்ணா. ரெண்டு வருஷத்துல விலை ஏறிடும்."

"பிள்ளையள் இருக்கினம், அவை பாத்துக்கொள்ளுவினம்."

"அவங்க பார்க்கறப்ப எழுபது ஆயிருக்கும்."

"அப்பிடியெண்டால் கவுன்சில்காரன் ஒரு கடிதமாவது போட்டிருப்பானே?"

போட மாட்டான். எண்பது வரப்போகிறது என்று குத்தகைதாரருக்கு அறிவிக்க எந்த நிலச் சொந்தக்காரருக்கும் சட்டக் கடமை இல்லை. கார் சாலை வரி, தொலைக்காட்சி உரிமம் எல்லாவற்றுக்கும் நினைவூட்டல் வருகிற நாடு இது.

*

அந்த அண்ணர் தனி ஆள் இல்லை. 1980 வீட்டுவசதிச் சட்டத்தில் தாட்சர் அரசு கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்றது. ஃப்ளாட் என்றால் பெரும்பாலும் 125 ஆண்டு லீஸ். 1981-இல் தொடங்கியது 2106-இல் முடியும். 1985-இல் தொடங்கியது 2110-இல். ஆக, ஒரு தலைமுறை ஃப்ளாட்டுகள் வரிசையாக எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வருடங்கள் இவை.

விக்டோரியா காலத்து வீடுகளை மேலும் கீழுமாக இரண்டு ஃப்ளாட்டாக உடைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். 1985-இல் 99 என்று எழுதியிருந்தால் இப்போது அறுபதை ஒட்டி நிற்கும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் முதலில் வாங்கியதில் இந்த ரகம் நிறைய.

*

செய்யும் முறை. (உறவுக்காரர்கள் ஃபோனில் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.)

லீஸ் நீட்டிப்பு தெரிந்த சர்வேயர் ஒருவரைப் பிடித்து மதிப்புப் போட வேண்டும். ஃப்ளாட் வாங்கும்போது ஈரச் சுவர் பார்க்க வந்த சர்வேயர் இதற்கு ஆகமாட்டார். அதே போல சொலிசிட்டரும். பிறகு 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவு நோட்டீஸ். அதில் நாம் கொடுக்கத் தயாராக உள்ள விலையை எழுதியாக வேண்டும். வாய்க்கு வந்த குறைந்த தொகையை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். 2014 வரை இதில் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் காகிதம் தபாலில் அலைந்து திரிந்த காலம்.

நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள். கடிகாரம் அன்றோடு நிற்கும். பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுத்தாலும் 80.1 என்பது 80.1-தான்.

எதிர்த்தரப்பு, நாம் குறிக்கும் தேதிக்குள் (குறைந்தது இரண்டு மாத அவகாசம்) பதில் நோட்டீஸ் தர வேண்டும். இடையில் நாம் எழுதிய தொகையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கேட்கலாம். பதில் நோட்டீஸை அவர்கள் தவறவிட்டால், நாம் எழுதிய விலைக்கே கிடைக்கும். பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கத்தி நமக்கும் உண்டு. பதில் நோட்டீஸ் வந்த ஆறு மாதத்துக்குள் விலை படியவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்கு மனுப் போட வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று சர்வேயர்கள் பேசிக்கொண்டே இருந்து அந்தத் தேதி தாண்டினால் நோட்டீஸ் செத்துவிடும். அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் எண்பதைக் கடந்தவர்களும் உண்டு.

மனுப் போட்டவற்றில் பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அவர்கள் 24,000 என்பார்கள், நாம் 15,000 என்போம், 18,500-இல் முடியும். இதற்கு ஏன் இரண்டு சர்வேயர், இரண்டு சொலிசிட்டர் என்று கேட்கக்கூடாது. நால்வருக்கும் கூலி கொடுப்பது நாம்தான். அவர்களுடைய நியாயமான மதிப்பீட்டுச் செலவும் சட்டச் செலவும் நம் தலையில். இந்தச் சட்டத்தில் எனக்குச் சற்றும் ஜீரணமாகாத பகுதி இது.

*

லீஸில் 78 ஆண்டு மீதி இருந்தபோது, தெரிந்த பெண் ஒருத்திக்குச் சில வருடங்களுக்கு முன் வந்த கடிதம். நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், சுமுகமாக முடித்துக்கொள்வோம், 9,000 பவுண்டு போதும், லீஸைத் திரும்ப 99 ஆக்கித் தருகிறோம் என்று நிலத்துக்குச் சொந்தமான கம்பெனி எழுதியிருந்தது. அவள் சர்வேயர் சொன்ன தொகையைவிட மூவாயிரம் குறைவு. மூன்றாம் பக்கத்தில்: கிரவுண்ட் ரென்ட் வருடம் 250, அது 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

78-ஐ 99 ஆக்கினால் கூடுவது 21 வருடம். இருபது வருடம் கழித்து மறுபடி எண்பதுக்குக் கீழே வந்து நிற்பாள். சட்டப்படி போனால் 168 ஆண்டு, வாடகை இல்லை. இப்படிப்பட்ட சுமுகம் யாருக்குச் சுமுகம் என்று பார்க்க மூன்றாம் பக்கம் வரை படித்தால் போதும்.

இரட்டிக்கும் வாடகையைப் பற்றி மக்கள் அறிந்ததே 2017 வாக்கில்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் லீஸ்களோடு வீடு விற்ற டெய்லர் விம்ப்பி நிறுவனம், அவற்றைச் சரிசெய்ய 13 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அந்த ஆண்டு அறிவித்தது. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய லீஸ்களில் அடிமனை வாடகையே கூடாது என்று சட்டம் வந்தது. பழைய லீஸ்களுக்கு அது உதவவில்லை.

*

ஸ்காட்லாந்தில் இந்தப் பேச்சே இல்லை. எடின்பரோவில் நான்காவது மாடியில் இருப்பவரும் தன் ஃப்ளாட்டின் முழுச் சொந்தக்காரர். படிக்கட்டையும் கூரையையும் பராமரிப்பது பொதுப் பொறுப்பு, அதற்குத் தனிச் சட்டம். எஞ்சியிருந்த மிக நீண்ட குத்தகைகளையும் 2015 நவம்பரில் சொந்தமாக மாற்றிவிட்டார்கள். நாலரை மணி நேர ரயில் பயணம், அதே அரசர், அதே நாணயம். ஃப்ளாட்டுக்குக் குத்தகை தவிர வேறு வழியில்லை என்று லண்டன் வக்கீல்கள் சொல்லும்போது எனக்கு அந்த ரயில் நினைவுக்கு வரும்.

இங்கும் காமன்ஹோல்ட் என்று 2002-இல் ஒரு சட்டம் போட்டார்கள். குத்தகை இல்லை, எல்லோரும் சேர்ந்து சொந்தக்காரர்கள். இருபது கட்டடங்கள்கூட அதில் சேரவில்லை. கட்டுகிறவருக்கு லாபம் தராத முறையை அவர் விருப்பத்துக்கு விட்டால் வேறென்ன ஆகும்.

*

சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் கேட்டான், லண்டனில் காசு கொடுத்தால் நீட்டிக்கலாமா என்று. அவன் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. 99 ஆண்டு, நிலம் அரசுடையது, அவனாகப் போய் நீட்டிக்கக் கேட்க வழி இல்லை. கெய்லாங் லோராங் 3-இல் 191 தனியார் வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31-இல் முடிந்தது. இழப்பீடு இல்லாமல் நிலம் அரசுக்குத் திரும்பியது. எழுபது வயதை எட்டும் பேட்டைகளைக் குடியிருப்போர் வாக்கெடுத்து அரசிடமே விற்கும் திட்டம் ஒன்றை 2018-இல் அறிவித்திருக்கிறார்கள். அங்கே திரும்பிய நிலத்தில் மறுபடி பொது வீடுகள் வரும் என்றாவது ஒரு நியாயம் சொல்லலாம். இங்கே திரும்புவது ஒரு குடும்பத்துக்கோ ஓய்வூதிய நிதிக்கோ, யாரும் பெயர் அறியாத தீவில் பதிந்த கம்பெனிக்கோ.

*

2024 மே 24. தேர்தலுக்காக நாடாளுமன்றம் மூட்டை கட்டிய நாள். கடைசி நிமிடத்தில் நிறைவேறிய மசோதாக்களில் குத்தகைச் சீர்திருத்தமும் ஒன்று. சட்ட ஆணையம் 2020-இல் இரண்டு தடித்த அறிக்கைகளாகக் கொடுத்ததன் சாரம் அதில் இருக்கிறது. 90-க்குப் பதில் 990 ஆண்டு. மேரேஜ் வேல்யூ ஒழிப்பு. அவரவர் செலவு பெரும்பாலும் அவரவருக்கு. அந்த 5 சதவீதம் போன்ற கழிவு விகிதங்களை அரசே நிர்ணயிக்கும்.

வீடு வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகே நீட்டிக்கக் கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் எண்பதைக் கடந்து நொந்தவர்கள் ஏராளம். ஆனால் விலைக் கணக்கை மாற்றும் பகுதி, நான் இதை எழுதும்வரை, நடைமுறைக்கு வரவில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, கையில் இல்லை.

நிலச் சொந்தக்காரர்கள் மறுபடி மனித உரிமையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடோகன், குரோவ்னர் போன்ற பழைய நிலக் குடும்பங்கள், சில அறக்கட்டளைகள். 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறக்கட்டளைகளின் வாதத்தில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அந்த வருமானம் பள்ளிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் போகிறது என்றார்கள். ஆனால் ஏழைப் பிள்ளைகளின் செலவை, தற்செயலாக அந்த மனையில் ஃப்ளாட் வாங்கிய ஒரு நர்ஸ் மட்டும் ஏன் ஏற்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

*

காத்திருக்கலாமா? தினம் வரும் கேள்வி.

கோட்டுக்கு மேலே, 81, 82-இல் இருப்பவர் காத்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. புதுச் சட்டம் நாளைக்கே வந்தாலும் அவருக்கு மிச்சமாவது எதிர்த்தரப்புச் செலவும் கழிவு விகிதத்தைப் பொறுத்த கொஞ்சமும்தான். வராவிட்டால் பல ஆயிரம் போகும். 65-இல் இருப்பவர் கதை வேறு: ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டார், மேரேஜ் வேல்யூ ஒழிந்தால் அவருக்குத்தான் பெரிய லாபம். விற்கவோ மறு மார்ட்கேஜுக்கோ அவசரம் இல்லையென்றால் அவர் பொறுத்துப் பார்க்கலாம். விற்க வேண்டியிருந்தால், நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டு அந்த உரிமையை வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

கட்டடத்தில் இருப்பவர்கள் சேர்ந்து நிலத்தையே வாங்கிவிடுவது இன்னும் நல்லது. பாதிப் பேராவது சேர வேண்டும். எட்டு ஃப்ளாட்டில் நான்கு பேரை ஒரே அறையில் உட்கார வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

*

ஆண்டுகளை எண்ணும்போது லீஸில் கையெழுத்தான தேதியைப் பார்க்கக்கூடாது. காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று உள்ளே தனியாக எழுதியிருக்கும். பல நேரம் அது மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று வாடகை கொடுக்கும் பழைய காலாண்டு நாள்களில் ஒன்று. கவுன்சில் கட்டடங்களில் முதலில் விற்ற ஃப்ளாட்டின் தேதியையே பின்னால் விற்றவற்றுக்கும் வைத்துவிடுவது உண்டு. நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டினால் பதிவேட்டு நகல் உடனே திரையில் வரும்.

ஈஸ்ட் ஹாம் அண்ணர் கடைசியில் எடுத்துப் பார்த்திருக்கிறார். முதல் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டது 1982 கடைசியில். காலம் ஓடத் தொடங்கியதோ 1981 மார்ச் 25-இலிருந்து. எண்பத்திரண்டு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது, எடுத்துப் பார்த்த நவம்பர் மாதத்தில் எண்பது வருடமும் நான்கு மாதமும். அன்று மத்தியானமே சர்வேயருக்கு ஃபோன் போட்டுவிட்டார். நோட்டீஸ் ஜனவரியில் போனது. கவுன்சிலின் பதில் இன்னும் வரவில்லை.